எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு வெளிநாடு போகலாமா? லண்டனில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

2019 பிப்ரவரியில் சென்னைக்குப் போய், இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தேன். அப்போது என் எடை 112 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர். 76 கிலோ வரை இறங்கினேன், இப்போது 81-ல் நிற்கிறேன். நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவள். ஆனால் கோயிலில், பிறந்தநாள் விழாவில், கல்யாண மண்டபத்தில் யாராவது என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினால் விஷயம் இதுதான் என்று இப்போது பழகிவிட்டது. ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள், யாழ்ப்பாணத்து அக்காமாரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அக்கா, எவ்வளவு எடை இருந்தா இந்த ஆபரேஷன் செய்வாங்க? நான் 88 கிலோதான்.

கிலோவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 88 கிலோ உள்ளவர் 155 சென்டிமீட்டர் உயரம் என்றால் பி.எம்.ஐ. 36-ஐத் தாண்டும். அதே 88 கிலோ, 175 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 29-கூட வராது. முன்னவர் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். பின்னவர் நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசலாம்.

பிரிட்டனில் பொதுவாக பி.எம்.ஐ. 40, அல்லது சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்றவை இருந்தால் 35 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு இதில் 2.5 குறைத்துக்கொள்ளச் சொல்கிறது வழிகாட்டல், ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. 1991-ல் அமெரிக்காவில் வகுத்த பழைய எல்லைகளைச் சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்கள் 2022-ல் தளர்த்தின. வேறு நோய் இல்லாவிட்டாலும் 35 போதும், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றன. இந்த 27.5-ஐப் பிடித்துக்கொண்டு, மகள் கல்யாணத்துக்குள் இளைக்க நினைக்கும் அம்மாவிடமும் ஆபரேஷனை விற்கப் பார்க்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். 'யோசிக்கலாம்' என்றால் யோசித்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம்.

ஸ்லீவ், பைபாஸ், மினி பைபாஸ், பலூன்... எது என்னன்னு சுருக்கமா சொல்லுங்களேன்.

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது. வெட்டி எடுத்தது எடுத்ததுதான், திரும்பி வராது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பை செய்து, அதைச் சிறுகுடலில் சற்றுத் தள்ளிக் கீழே உள்ள இடத்தோடு இணைப்பார்கள். மினி பைபாஸில் இரண்டு இணைப்புக்குப் பதில் ஒன்று. பலூனுக்கு வெட்டே கிடையாது. வாய்வழியாக உள்ளே வைத்து, பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு எடை திரும்புவது சகஜம்.

உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தால் ஸ்லீவ் அதை மோசமாக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பைபாஸ்தான் பொருத்தம் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். உங்கள் நெஞ்செரிச்சலைப் பற்றிக் கேட்காமலே "உங்களுக்கு ஸ்லீவ்" என்று வாட்ஸ்அப்பில் சொல்பவரைத் தள்ளிவையுங்கள்.

வயிற்றுக்குள் போடாக்ஸ் ஊசி என்று ஒன்றையும் விளம்பரம் செய்கிறார்கள். 2023 தொடக்கத்தில் துருக்கியில் இதைப் போட்டுக்கொண்டவர்களில் 70 பேருக்கு மேல் பாட்யூலிசம் என்ற நச்சு நோய் வந்து, சிலர் ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அதற்கு என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம்.

துருக்கியில இரண்டரை ஆயிரம் பவுண்டுக்கு ஹோட்டலும் சேர்த்து முடிச்சுத் தாறாங்களாம். இங்க பத்தாயிரம் கேக்கினம். எப்பிடி அவ்வளவு மலிவு?

மலிவு எல்லாமே ஏமாற்று இல்லை. அங்கே சம்பளமும் கட்டட வாடகையும் குறைவு, லிராவின் மதிப்பு விழுந்துகொண்டே இருக்கிறது, ஒரே ஆஸ்பத்திரியில் நாளொன்றுக்கு நிறைய ஆபரேஷன்கள் நடக்கின்றன. நல்ல சர்ஜன்களும் இஸ்தான்புல்லில் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த இரண்டரை ஆயிரத்தில் எது இல்லை என்று பாருங்கள். விமான நிலையத்திலிருந்து கார் உண்டு, நாலு நட்சத்திர ஹோட்டல் உண்டு, சில பாக்கேஜில் படகுச் சவாரிகூட உண்டு. ஆபரேஷனுக்கு முந்தைய எண்டாஸ்கோப்பி (வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பல இடங்களில் இல்லை. பத்தாவது நாள் காய்ச்சல் வந்தால் பார்க்க ஆள் இல்லை. ஆறாவது மாதம் ரத்தப் பரிசோதனை இல்லை. லண்டனில் பத்தாயிரம் கேட்கும் இடத்தில் அந்தப் பணத்தில் ஒரு பங்கு இரண்டு வருடக் கவனிப்புக்குப் போகிறது. ஒப்பிட்டால் இரண்டையும் முழுதாக ஒப்பிடுங்கள்.

சென்னையில எவ்வளவு ஆகும்? கடைசியில கூட்டிப் பார்த்தா லாபமா?

சென்னை, கோவை பக்கம் ஸ்லீவுக்கு மூன்றிலிருந்து ஆறு லட்ச ரூபாய் வரை சொல்கிறார்கள். அறை, ஆஸ்பத்திரி, எத்தனை ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ் செலவாகும் என்பதைப் பொறுத்து மாறும். இந்த ஸ்டேப்ளர் ஒரு பெரிய செலவு. வெட்டிக்கொண்டே கம்பித் தையல் போடும் கருவி அது. ஒரு முறை போட்டதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. மதிப்பீட்டுத் தாளில் அது சேர்ந்திருக்கிறதா, எந்தக் கம்பெனியுடையது, கூடுதலாகத் தேவைப்பட்டால் யார் தலையில் விழும் என்று எழுதிக் கேளுங்கள்.

என் கணக்கை நானே எழுதி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி பில்லுக்கு வெளியே, இருவருக்கு விமான டிக்கெட், 16 நாள் சர்வீஸ் அபார்ட்மென்ட், கணவரின் சம்பளமில்லா விடுப்பு, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி, புரதப் பொடி, திரும்பி வந்ததும் தனியாகச் செய்த ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து பில்லில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. அப்படியும் இங்கே தனியாரிடம் செய்வதைவிடக் குறைவுதான். ஆனால் விளம்பரத்தில் போடும் தொகையில் யாரும் முடிப்பதில்லை. தவிர, ஏதாவது தவறினால் மறுபடி போய் வர ஒரு தொகை கையில் இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு, நீங்களாகத் திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனின் சிக்கலுக்குப் பணம் தராது.

துருக்கியா, இந்தியாவா? ஒரு முடிவு சொல்லுங்கோ. என்ர தங்கச்சி கனடாவில, அவள் மெக்சிகோ எண்டுறாள்.

நாட்டைப் பார்த்து முடிவெடுக்கும் விஷயமில்லை இது. பிரிட்டன் வெளியுறவு அலுவலகத்தின் துருக்கிப் பயணக் குறிப்பில், 2019-லிருந்து மருத்துவத்துக்காக அங்கே போன பிரிட்டிஷ்காரர்கள் இருபதுக்கும் மேல் இறந்திருப்பதாக ஒரு சமயம் போட்டிருந்தார்கள். மெக்சிகோவின் டிஹுவானாவில் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட அமெரிக்கர்களுக்கு ஏறக்குறைய எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிருமித் தொற்று வந்ததென்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2019 ஜனவரியில் எச்சரித்தது. இந்தியாவிலும் நடந்திருக்கிறது, கீழே சொல்கிறேன். மூன்று நாட்டிலும் நன்றாக முடிந்து சந்தோஷமாக இருப்பவர்களும் நிறைய.

நான் சென்னையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு அற்பக் காரணம் இருந்தது, பிறகு அதுதான் பெரிய காரணமாகிவிட்டது: மொழி. ராத்திரி ரெண்டு மணிக்கு "இடது பக்கம் சுருக்குன்னு இழுக்குது, மூச்சு விட்டா குத்துது" என்று நர்ஸிடம் தமிழில் சொன்னேன். அதை மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்ல வேண்டியிருந்தால் "வலி" என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். துருக்கி போவதென்றால் ஒன்று செய்யுங்கள்: அந்த ஆஸ்பத்திரிக்கும் இடையிலுள்ள ஏஜென்சிக்கும் துருக்கி சுகாதார அமைச்சு வழங்கும் சர்வதேச மருத்துவச் சுற்றுலா அனுமதிச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் நடத்துவது அவர்கள் சட்டத்துக்கே விரோதம்.

சரி, நல்ல சர்ஜன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் பதிவு. இந்தியாவில் எந்த டாக்டருக்கும் மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. எம்.எஸ். பொது அறுவை, அதற்கு மேல் குடல்–இரைப்பை அறுவையில் எம்.சிஎச். அல்லது லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை) தனிப்பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சங்க உறுப்பினர் சான்றிதழ்களுக்கு மயங்க வேண்டாம். பல சங்கங்களில் சந்தா கட்டினால் உறுப்பினர் ஆகலாம். என்.ஏ.பி.எச்., ஜே.சி.ஐ. என்ற தர முத்திரைகள் ஆஸ்பத்திரிக்கு உரியவை, சர்ஜனின் கைக்கு உரியவை அல்ல.

அடுத்து, நேரில் கேட்க வேண்டியவை. வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், அதில் எனக்குச் சொல்லும் வகை எத்தனை? என் வயிற்றில் கத்தி வைக்கப்போவது நீங்களா, உங்கள் ஜூனியரா? கடைசியாக யாருக்குத் தையல் விட்டுக் கசிவு வந்தது, என்ன செய்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் உரைகல். நிறையச் செய்பவருக்கு ஒரு கசிவாவது வந்திருக்கும். "என்கிட்ட அதெல்லாம் வந்ததே இல்லைம்மா" என்று சிரித்தால் ஒன்று அவர் அதிகம் செய்யவில்லை, அல்லது கணக்கு வைக்கவில்லை. கசிவு வந்தவரைத் திரும்பச் சேர்த்து, குழாய் போட்டு, மூன்று வாரம் வைத்துப் பார்த்த கதையைச் சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அப்புறம், அவர் உங்களைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். நான் வீடியோவில் பேசிய முதல் சர்ஜன் நாலு நிமிடத்தில் தேதி கேட்டார். இரண்டாமவர் "ராத்திரி பதினோரு மணிக்கு மேல என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முறுக்கு டப்பாவை இவருக்கு யார் சொன்னார்கள்? குறட்டை, மாத்திரை, மனநிலை, குழந்தை எல்லாம் கேட்டார். எண்டாஸ்கோப்பி எடுக்கச் சொல்லி, அதில் கிருமி இருந்ததால் மருந்து கொடுத்து, ஆபரேஷனை ஆறு வாரம் தள்ளிப்போட்டார். டிக்கெட்டை மாற்றியதில் பணம் போயிற்று. ஆனால் அன்றைக்கே அவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்ஸ்டாகிராமில ஒருத்தருக்கு மூணு லட்சம் ஃபாலோயர். போட்டோவெல்லாம் பார்த்தா நம்பிக்கையா இருக்கே?

முன்–பின் போட்டோவில் 'பின்' எத்தனையாவது மாதம் என்று பாருங்கள். எட்டாவது மாதத்தில் எல்லோரும் அழகாக இருப்போம். நானும் இருந்தேன். ஐந்தாவது வருடப் போட்டோ எங்கே?

இன்னொன்று, செய்தி அனுப்பியதும் இரண்டு நிமிடத்தில் பூங்கொத்து எமோஜியோடு பதில் போடுபவர் டாக்டர் இல்லை, கமிஷனுக்கு வேலை செய்யும் கோஆர்டினேட்டர். எனக்கும் அப்படி ஒருவர் வந்தார். "டியர், இந்த வாரம் மட்டும் 300 பவுண்டு தள்ளுபடி, முன்பணம் அனுப்புங்க" என்றார். சர்ஜன் பெயரைக் கேட்டேன். "எங்கள் டீம்" என்றார். மூன்று முறை கேட்டும் பெயர் வரவில்லை. பெயர் தெரியாத கையில் வயிற்றைக் கொடுக்க முடியாதே. முன்பணம் கட்டுமுன் சர்ஜனோடு நேராகப் பேச வேண்டும், அவர் பெயர் ரசீதில் இருக்க வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில ஏழு லட்சம் சொல்றாங்க. அதே டாக்டர், இன்னொரு சின்ன ஆஸ்பத்திரியில வந்தா நாலு லட்சத்துக்குச் செய்றேன்றார். அதே கைதானே?

கை அதேதான், கட்டடம் வேறு. இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்வேன். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்குப் படுத்த 26 வயது இளைஞர், மேசையிலேயே நிலை மோசமாகி, வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் மறுநாள் இறந்தார். செலவு குறையும் என்றுதான் அங்கே போனோம் என்று குடும்பத்தினர் சொன்னது செய்திகளில் வந்தது. விசாரித்த சுகாதாரத் துறை, அவசர நிலையைச் சமாளிக்க அங்கே வசதி போதவில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியின் அனுமதியை நிறுத்திவைத்தது.

பொதுவாகப் பார்த்தால் இது ஆபத்து குறைந்த ஆபரேஷன்தான். நல்ல மையங்களில் இறப்பு ஆயிரத்தில் ஒருவர் அளவில், பித்தப்பை எடுப்பதைப் போல. ஆனால் அந்தக் கணக்கு ஐ.சி.யூ., ரத்த வங்கி, இருபத்து நாலு மணி நேர சி.டி. ஸ்கேன், பருமனான உடலுக்குக் குழாய் போட்டுப் பழகிய மயக்க மருந்து டாக்டர் எல்லாம் உள்ள இடத்துக் கணக்கு. மிச்சமாகும் மூன்று லட்சம் இவற்றில் எதைக் கழித்து வருகிறது என்று அவரிடமே கேளுங்கள். "ராத்திரி மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் யார், அவருக்கு இந்த ஆபரேஷன் தெரியுமா?" என்பதையும் சேர்த்து.

விசா எது எடுக்கணும்? டூரிஸ்ட்ல போயிடலாமா?

இந்தியாவுக்கு என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தால் எதுவும் வேண்டாம். இல்லாதவர்கள் மருத்துவ இ–விசா எடுக்க வேண்டும், ஆஸ்பத்திரி கடிதம் கேட்பார்கள். கூட வருபவருக்குத் தனியாக உதவியாளர் விசா, இரண்டு பேர் வரைக்கும். டூரிஸ்ட் விசாவில் போய் ஆபரேஷன் மேசையில் படுக்க வேண்டாம். வெளிநாட்டு நோயாளி என்றால் ஆஸ்பத்திரி பதிவு செய்தாக வேண்டும். சிக்கலாகிக் கூடுதல் நாள் தங்க நேர்ந்தால் நீட்டிப்பதும் மருத்துவ விசாவில்தான் எளிது.

எத்தனை நாள் தங்கணும்? அஞ்சாம் நாள் ஃப்ளைட் ஏறலாம்னு சொல்றாங்களே?

ஏறலாம், ஏறுகிறார்கள். நான் ஏற மாட்டேன். பெரிய வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு பத்து நாள் என்பது பிரிட்டன் விமானத் துறையின் பொதுவான வழிகாட்டல். கசிவு வருவதானால் பலருக்கும் வீட்டுக்குப் போன பிறகு, முதல் ஒன்றிரண்டு வாரத்தில்தான் வருகிறது. ஐந்தாம் நாள் ஏறினால், ஆபத்தான நாட்களில் உங்களை வெட்டியவர் ஒரு நாட்டிலும் வயிறு வேறு நாட்டிலும் இருக்கும்.

சென்னை–லண்டன் பத்து மணி நேரத்துக்கு மேல். பருமன், புது ஆபரேஷன், நீண்ட பயணம் மூன்றும் சேர்ந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. உறையாமலிருக்கும் ஊசியை எத்தனை வாரம் தொடர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். சிரிஞ்சைக் கைப்பையில் கொண்டுபோக டாக்டர் கடிதம் வேண்டும். இறுக்கமான காலுறை, நடைபாதை ஓர இருக்கை. நான் பதினாறாம் நாள் பயணம் செய்தேன். மணிக்கொரு முறை எழுந்து நடந்தேன். பணிப்பெண் இரண்டு முறை "எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டார்.

கசிவு, கசிவுங்கிறீங்களே, வந்தா எப்படித் தெரியும்?

ஸ்டேப்ளர் போட்ட கோட்டில் எங்காவது விட்டுப்போய் இரைப்பையில் உள்ளது வயிற்றுக்குள் ஒழுகுவது. நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் வரும். நாடித்துடிப்பு ஓய்வில் 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள் வலி, மூச்சு வாங்குவது இவை அடையாளம். இதில் நாடித்துடிப்பு முதலில் காட்டிக்கொடுக்கும். விரலில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவி போதும்.

லண்டனில் இருந்தால் ஜி.பி. (குடும்ப டாக்டர்) அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "இன்ன தேதி, இன்ன நாட்டில், ஸ்லீவ் ஆபரேஷன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "வயித்து வலி" என்று மட்டும் சொன்னால் அசிடிட்டி மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது.

எங்கட ஜி.பி.க்குச் சொல்ல வேணுமோ? ஏசுவார் எண்டு பயமா இருக்கு.

ஏசினால் ஏசட்டும், போவதற்கு முன்பே சொல்லுங்கள். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இல் செய்துகொண்டால் முதல் இரண்டு வருடம் ஆபரேஷன் செய்த மையமே பார்க்கும், பிறகு ஜி.பி.யிடம் ஒப்படைக்கும். வெளிநாட்டில் செய்தவருக்கு அந்த இரண்டு வருடம் யார் பொறுப்பும் இல்லை. உயிர் ஆபத்து என்றால் என்.எச்.எஸ். பார்க்கும். ஆனால் மூன்றாவது, ஆறாவது, பன்னிரண்டாவது மாத ரத்தப் பரிசோதனையைத் தானாக யாரும் நினைவூட்ட மாட்டார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: சர்ஜனைத் தேடும்போதே அந்த இரண்டு வருடத்துக்கும் ஆளைத் தேடுங்கள்.

திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, எண்டாஸ்கோப்பி அறிக்கை, வெட்டிய இரைப்பையின் பயாப்சி முடிவு, ஸ்டேப்ளர் ஸ்டிக்கர் எல்லாம் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாந்தி வர்றது சகஜம்தானே? எங்க வீட்டுல மூணு வாரமா வாந்தி.

ஒன்றிரண்டு நாள் வேகமாக விழுங்கி வாந்தி எடுப்பது வேறு. மூன்று வாரம் சகஜம் இல்லை, இன்றைக்கே போங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வெளிநாட்டில் செய்துகொண்டு வந்து, "அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் படியிறங்கும்போது தள்ளாடினார், டி.வி. இரண்டாகத் தெரிகிறது என்றார். தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோய் மூளையைத் தொட்டுவிட்டது. நல்லவேளை, அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இது இன்னும் மோசமாகும். அதனால் பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்வது இங்கே உதவாது.

சோறு சாப்பிட முடியுமா இனிமே?

முடியும், இரண்டு கரண்டி. முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்து மசித்தது, பிறகு மென்மையானது என்று படிப்படியாகப் போகும். மூன்றாம் நாள் எனக்குக் கொடுத்த ரசத்தெளிவு இருமல் மருந்து மூடியில் வந்தது, 30 மில்லி. அதைக் குடித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. வாழ்க்கையில் ரசத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

பிறகு வரும் சிக்கல் புரதம். தினம் 60 கிராமாவது வேண்டும், நம் தட்டில் அது குறைவு. முட்டை, மீன், தயிர், பருப்பை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடம் இருந்தால் இட்லி. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி இடைவெளி. மல்டிவைட்டமின், இரும்பு, கால்சியம், டி வைட்டமின், பி12 ஆயுள் முழுவதும். "ஒரு வருஷம் போதும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முடி கொட்டுமா என்றும் எல்லோரும் கேட்கிறார்கள். கொட்டும், மூன்றாவது மாதத்திலிருந்து. பெரும்பாலும் திரும்ப முளைக்கும்.

மகளுக்கு 24 வயசு, கல்யாணம் பேசுறோம். அதுக்கு முன்னாடி செய்துடலாமா?

மகளுக்கே ஆசையா, மாப்பிள்ளை வீட்டுக்காகவா? முதலில் அதை வீட்டில் பேசி முடியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. எடை இறங்கியதும் பிள்ளைப்பேறு எளிதாகிவிடும் என்பதால் தற்செயலாகவும் ஆகிவிடுகிறது. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஆகவே, கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு செய்து, அடுத்த வருடம் பேரக்குழந்தையை எதிர்பார்க்கும் திட்டம் ஒத்துவராது.

இப்பதான் ஊசி வந்திருக்கே, அது போதாதா?

சிலருக்குப் போதும். எடை குறைக்கும் ஊசி மருந்துகளில், செமாகுளூடைடில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம், டிர்செபடைடில் 20 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாகப் பெரிய ஆய்வுகள் காட்டின. ஸ்லீவ், பைபாஸில் முதல் வருடம் 25 முதல் 30 சதவீதம். ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது, மாதாமாதம் செலவு. 2019-ல் இது இருந்திருந்தால் நானும் முதலில் ஊசியைத்தான் முயன்றிருப்பேன். பி.எம்.ஐ. 35-க்குக் கீழே என்றால் வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் இதை ஒரு முறை டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஊசி போட்டுக்கொண்டே ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரைப்பை மெதுவாகக் காலியாகும், மயக்கத்தில் உள்ளே இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

எனக்கு ஸ்லீவ் செய்து ஆறு வருஷம், பதினைஞ்சு கிலோ ஏறிட்டுது. திரும்ப துருக்கிக்குப் போய் இன்னொருக்கா செய்யட்டோ?

கொஞ்சம் ஏறுவது எல்லோருக்கும் உண்டு, எனக்கும் ஐந்து கிலோ. பதினைந்து என்றால் காரணம் தேட வேண்டும். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம், சிக்கலும் அதிகம். மலிவுக்காகப் பறக்கக் கூடாத ஆபரேஷன் ஒன்று உண்டென்றால் அது இதுதான். எண்டாஸ்கோப்பி, பேரியம் எக்ஸ்ரே, உணவுக் குறிப்பு இல்லாமல் யாரும் தேதி கொடுத்தால் ஓடிவிடுங்கள். மேலே சொன்ன ஊசி இந்த நிலையில் பலருக்கு உதவுகிறது.

தப்பாப் போனா கேஸ் போட முடியுமா?

பெரும்பாலும், எந்த நாட்டில் செய்தீர்களோ அந்த நாட்டு நீதிமன்றத்தில்தான். இந்தியாவில் காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். துருக்கியில் ஆவணமும் வழக்கும் துருக்கி மொழியில். எங்கே ஆனாலும், மேசைக்குப் போகும் காலையில் நீட்டும் ஒப்புதல் படிவத்தை முந்தின நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள். கவுனை மாட்டிக்கொண்டு, பசியோடு, கண்ணாடி இல்லாமல் யாராலும் எதையும் படிக்க முடியாது.

சுத்தி வளைக்காம, நீங்க செய்த டாக்டர்ர பேரைச் சொல்லுங்கோ அக்கா.

சொல்ல மாட்டேன், ரகசியம் என்பதால் அல்ல. அவர் அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டார். என்னை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்ட நர்ஸ் இப்போது துபாயில். எனக்கு எட்டு மாதம் வாட்ஸ்அப்பில் பதில் போட்ட உணவு ஆலோசகர் தனியாக கிளினிக் வைத்துவிட்டார். நான் 2019-ல் போன இடம் இப்போது இல்லை, போர்டு மட்டும் இருக்கிறது. நீங்கள் மூன்று பெயர் கொண்டுவாருங்கள். சர்ஜனைப் பற்றிய கேள்வியில் சொன்னவற்றை மூவரிடமும் கேட்டு, பதில்களை எழுதிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். உட்கார்ந்து பார்ப்போம்.